ஜப்பானிய மொழியில் ஒரு கட்டுரை, ஆங்கிலத்தில் அதே கட்டுரை: எதை எங்கே மாற்றுவது

ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கு இரட்டை வேலை. பாடத்துக்கான அறிக்கையை ஜப்பானிய மொழியில் எழுத வேண்டும், இதழுக்கு அனுப்பும் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பெரும்பாலோர் ஒன்றை முதலில் எழுதி முடித்துவிட்டு, வாக்கியம் வாக்கியமாக மற்றதற்கு மாற்றுகிறார்கள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் கட்டுரை திரும்பி வருகிறது. ஆங்கில இதழின் மதிப்பீட்டாளர் "உங்கள் வாதம் எது என்று தெரியவில்லை" என்கிறார். ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்குப் போனாலோ, பேராசிரியர் "இது பேச்சு நடை", "இது உங்கள் சொந்த எண்ணம்தானே" என்று சிவப்பு மையில் எழுதுகிறார்.

கோளாறு பெரும்பாலும் வாக்கியத்துக்குள் இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே உள்ள இணைப்பை யார் கட்டுவது என்பதில் இருக்கிறது. மொழியியலாளர் ஜான் ஹைண்ட்ஸ் 1987இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்: ஆங்கிலம் எழுதுபவரின் பொறுப்பில் நடக்கும் மொழி, ஜப்பானியம் வாசிப்பவரின் பொறுப்பில் நடக்கும் மொழி. ஆங்கிலத்தில் வாசகருக்குப் புரியவில்லை என்றால் தவறு எழுதியவருடையது. ஜப்பானிய உரைநடை மரபில், விட்ட இடத்தை வாசகர் நிரப்பிக்கொள்வார் என்று நம்பி எழுதலாம்.

இந்தக் கருத்தை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஹைண்ட்ஸ் தம் உதாரணங்களில் பலவற்றை நாளிதழ்ப் பத்திகளிலிருந்து எடுத்தார், ஆய்விதழ்களிலிருந்து அல்ல. "ஜப்பானியர் சுற்றிவளைத்துத்தான் எழுதுவார்கள்" என்ற பொதுமைப்படுத்தலைப் பின்வந்த ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் வரும் இயற்பியல், மருத்துவம், பொறியியல் கட்டுரைகள் உலகெங்கும் உள்ள அதே முன்னுரை, முறை, முடிவு, விவாதம் என்ற வரிசையில்தான் வருகின்றன. இயற்பியலாளர் கினோஷிதா கொரெயோ 1981இலேயே, அறிவியல் மாணவர்களுக்கான தம் கையேட்டில், முக்கியமானதை முதலில் சொல், உண்மையையும் கருத்தையும் பிரித்து எழுது என்று வலியுறுத்திவிட்டார். வேறுபாடு அதிகம் தெரிவது வரலாறு, இலக்கியம், சமூகவியல், கல்வியியல் துறைகளில். உங்கள் துறையின் முதன்மை இதழிலிருந்து ஐந்து கட்டுரைகளை எடுத்து, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் படியுங்கள். எந்த அளவுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கி, ஷோ, தென், கெத்சு

ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் கற்கும் நான்கு படி அமைப்பு இது: எடுப்பு, தொடர்ச்சி, திருப்பம், முடிப்பு. சீன நான்கடிக் கவிதையிலிருந்து வந்தது. ராய் சன்யோ எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு சிறு பாடலை வைத்து இதை விளக்குவார்கள். நூலிழை விற்கும் வணிகரின் மகள்கள் என்று முதலடி தொடங்கும். அக்காவுக்கும் தங்கைக்கும் என்ன வயது என்று அடுத்த அடி சொல்லும். மூன்றாம் அடி சம்பந்தமே இல்லாமல், நாட்டின் பிரபுக்கள் வில்லம்பால் கொல்கிறார்கள் என்று திரும்பும். அந்தப் பெண்களோ கண்ணால் கொல்கிறார்கள் என்று நான்காம் அடி இரண்டையும் கட்டிவிடும்.

கவிதைக்கும் நாளிதழ்ப் பத்திக்கும் இது அழகு. ஆய்வுக்கட்டுரைக்குப் பொருந்தாது என்று ஜப்பானிய எழுத்துப்பயிற்சி ஆசிரியர்களே சொல்கிறார்கள். ஆனால் பள்ளியில் பழகிய கை அதை எளிதில் விடுவதில்லை. அது எட்டிப்பார்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, கட்டுரையின் நடுவில் திடீரென ஒரு புதுப் பொருள் நுழையும்; அது எதற்கு வந்தது என்பது இரண்டு பக்கம் கழித்துத்தான் தெரியும். மற்றொன்று, முடிவுரையில்தான் முதல்முறையாக உண்மையான வாதம் தலைகாட்டும். ஆங்கில மதிப்பீட்டாளர் முதலாவதை "பொருத்தமற்றது" என்பார், இரண்டாவதை "முன்னுரையில் சொல்லப்படாதது" என்பார். எனவே ஆங்கிலத்துக்கு மாற்றும்போது முதலில் தேட வேண்டியவை இந்த இரண்டும்தான்.

ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு: பின்னாலிருந்து தொடங்குங்கள்

கட்டுரையின் கடைசிப் பகுதியை முதலில் திறங்கள். அதில் "இதனால் தெளிவாவது" என்ற பொருளில் வரும் வாக்கியங்களுக்கு அடிக்கோடிடுங்கள். அவற்றை ஒரே ஆங்கில வாக்கியமாக, 30 சொல்லுக்குள் எழுதுங்கள். அந்த வாக்கியம் மூன்று இடங்களில் வர வேண்டும்: ஆய்வுச் சுருக்கத்தில், முன்னுரையின் கடைசிப் பத்தியில், முடிவுரையின் தொடக்கத்தில். ஜப்பானியக் கண்ணுக்கு இது சொன்னதையே சொல்வதாகப் படும். ஆங்கில வாசகருக்கு அது வழிகாட்டிப் பலகை. மூன்று இடத்திலும் சொற்களை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள், கருத்தை மாற்றாதீர்கள்.

30 சொல்லில் அடங்கவில்லை என்றால் கட்டுரையில் இரண்டு வாதங்கள் இருக்கின்றன, அல்லது ஒன்றுமே இல்லை. மொழிமாற்றத்துக்கு முன்னால் தீர்க்க வேண்டிய சிக்கல் இது.

அடுத்தது பத்திகள். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் அதன் கருத்தை ஒரு வரியில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கருத்து பத்தியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானியப் பத்தியில் அது பெரும்பாலும் கடைசி வாக்கியத்தில் இருக்கும். மாதிரிக்கு ஒரு பத்தி, ஜப்பானிய வரிசையில்:

"இந்த மலைக்கிராமத்தில் பேருந்து வருவது குறைந்தது. முதியவர்கள் பக்கத்து வீட்டாரின் காரில் மருத்துவமனைக்குப் போகத் தொடங்கினர். கார் ஓட்டும் பக்கத்து வீட்டாரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். அறுவடைக் காலத்தில் அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. இவ்வாறு பார்க்கும்போது, அக்கம்பக்கத்து உதவி பொதுப் போக்குவரத்தின் இடத்தைத் தொடர்ந்து நிரப்புமா என்ற கேள்வி எழுகிறது."

அதே பத்தி ஆங்கில வரிசையில்:

"பேருந்து குறைந்த இந்தக் கிராமத்தில் அக்கம்பக்கத்தாரின் கார் அதற்கு நிலையான மாற்று ஆகாது. காரணங்கள் இரண்டு. முதலாவது, ஓட்டுபவர்களே எழுபதைக் கடந்தவர்கள். அவர்களும் விரைவில் ஓட்டுவதை நிறுத்துவார்கள். இரண்டாவது, அறுவடைக் காலத்தில் அவர்களுக்கு நேரம் இல்லை; ஆகவே அந்த மாதங்களில் முதியவர்கள் மருத்துவமனைக்குப் போக வழியில்லை."

கடைசி வாக்கியத்தைத் தூக்கி மேலே வைத்தது மட்டுமல்ல இங்கே நடந்தது. கேள்வி, கூற்று ஆகியிருக்கிறது. வரிசையாக நின்ற செய்திகளுக்குக் "காரணம்" என்ற பெயர் கிடைத்திருக்கிறது. ஜப்பானிய வாசகர் தாமே ஊகித்திருக்கக்கூடிய இரண்டு துண்டுகள் ("விரைவில் நிறுத்துவார்கள்", "வழியில்லை") எழுத்தில் வந்துவிட்டன. பேருந்து குறைந்த செய்தி பின்னணியாகச் சுருங்கிவிட்டது. வாக்கியத்தை இடம் மாற்றிவிட்டு இவற்றைச் செய்யாமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அப்போது மேலே ஒரு கூற்று நிற்கும், கீழே அதோடு ஒட்டாத செய்திகள் கிடக்கும்.

பிரிட்டிஷ் இயற்பியலாளர் அந்தோனி லெகெட் (2003இல் நோபல் பரிசு பெற்றவர்) கியோத்தோவில் தங்கியிருந்த நாட்களில், ஜப்பானிய இயற்பியலாளர்களின் ஆங்கிலத்தைத் திருத்திய அனுபவத்தில் 1966இல் ஒரு குறிப்பு எழுதினார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு முன் எழுதப்பட்டதை மட்டும் வைத்தே முழுதாக விளங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜப்பானியத்திலோ, பத்தி முழுவதையும், சில சமயம் கட்டுரை முழுவதையும் படித்த பிறகு விளங்கும் வாக்கியத்துக்கும் இடம் உண்டு. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு தாளால் பத்தியை மூடி, ஒவ்வொரு வாக்கியமாகக் கீழே இறக்கிப் படியுங்கள். "இது ஏன் இங்கே?" என்று தோன்றும் இடத்தில் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

தமிழ் எழுதும் கைக்கு ஒரு வசதி, ஒரு ஆபத்து

ஜப்பானிய வாக்கியம் தமிழைப் போலவே வினையில் முடிகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது. "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்று பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்பது அங்கேயும் அப்படித்தான். எழுவாயை விட்டுவிடலாம். அதனால் தமிழ் தெரிந்தவருக்கு ஜப்பானிய வாக்கியம் விரைவில் கைவரும். ஆபத்து என்னவென்றால், ஆங்கிலம் கேட்கும் விவரத்தை இரண்டு மொழியும் விட்டுவிடுகின்றன. எனவே விட்டதே கண்ணில் படாது.

"மழை பெய்து பயிர் அழிந்தது" என்கிறோம். "பெய்து" காரணமா, வெறும் வரிசையா? சொல்லவில்லை. ஜப்பானியத்தின் "தெ" வடிவமும் அப்படியே. அது காரணமாகவும், வழியாகவும், வரிசையாகவும், வெறும் சேர்க்கையாகவும் வரும். ஆங்கிலத்தில் "அன்ட்" போட்டுத் தள்ளிவிட்டால் நான்கும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு "தெ"வுக்கும் ஒரு முடிவெடுங்கள்: ஆதலால், மூலம், பிறகு, அல்லது வாக்கியத்தை உடைத்து இரண்டாக்குவது.

இதைவிடத் தந்திரமானது "கா" என்ற ஒட்டு (காந்தியில் வரும் ஒலி). அகராதியில் "ஆனால்" என்று இருக்கும். உண்மையில் பல இடங்களில் அது எதிர்நிலையே இல்லை. "இந்தக் கணக்கெடுப்பு எடுத்தோம் கா, அதன் முடிவு இது" என்பது போல வெறும் முன்னுரையாக நிற்கும். ஷிமிசு இகுதாரோ என்ற சமூகவியலாளர் 1959இலேயே இந்த ஒட்டைத் தவிர்க்கச் சொல்லி எழுதினார். இரண்டு செய்திகளின் உறவை யோசிக்காமல் ஒட்டவைக்கும் பசை அது என்பது அவர் கவலை. மாற்றும்போது எல்லாக் "கா"வையும் "பட்" ஆக்கினால், எதிர்ப்பே இல்லாத இடத்தில் எதிர்ப்பு முளைக்கும். கணினியில் அதைத் தேடி ஒவ்வொன்றையும் பாருங்கள். எதிர்நிலை இல்லாவிட்டால் அங்கே முற்றுப்புள்ளி வையுங்கள்.

"நாதோ" (முதலியன) என்ற சொல்லும் இப்படித்தான். ஜப்பானியத்தில் அது பணிவு: இது மட்டும்தான் என்று அடித்துச் சொல்லவில்லை என்ற குறிப்பு. ஆங்கிலத்தில் பட்டியலின் முடிவில் அது வந்தால் "மீதி எவை?" என்று மதிப்பீட்டாளர் கேட்பார். மீதி இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

"என்று கருதப்படுகிறது": யார் கருதுகிறார்கள்?

ஜப்பானிய ஆய்வெழுத்தில் அதிகம் வரும் முடிப்பு "தொ கங்காயெராரெரு". தமிழின் "என்று கருதப்படுகிறது" ஏறக்குறைய அதன் நிழல். இதற்கு மூன்று பொருள் உண்டு. நான் இப்படி முடிவுக்கு வருகிறேன் என்பது ஒன்று. துறையில் பொதுவாக இப்படி நினைக்கிறார்கள் என்பது இரண்டாவது. தரவு இந்தப் பக்கம் காட்டுகிறது என்பது மூன்றாவது. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையாக அப்படியே வைத்தால் வாசகர் இரண்டாவதாகத்தான் எடுத்துக்கொள்வார். உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு ஊரார் கருத்தாகிவிடும். சான்றுக் குறிப்பு எங்கே என்றும் கேட்பார்கள். முதல் பொருளுக்கு "நாங்கள் வாதிடுகிறோம்" என்றோ "இக்கட்டுரை வாதிடுகிறது" என்றோ எழுதுங்கள். இரண்டாவதற்கு ஆய்வாளர் பெயரும் ஆண்டும் கொடுங்கள். மூன்றாவதற்கு "தரவு உணர்த்துகிறது" என்று தரவையே எழுவாயாக்குங்கள்.

தயக்கத்தின் அளவையும் சரிபார்க்க வேண்டும். ஆங்கிலக் கட்டுரையும் தயங்கும், ஆனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு தயக்கம் போதும். "இருக்கலாம்" என்று எழுதிய பிறகு "எனத் தோன்றுகிறது" வேண்டாம். ஜப்பானியத்தில் "அல்லவோ என்று எண்ணத் தோன்றுகிறது" என்று மூன்று அடுக்கு வந்தாலும் மன்னிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கறாரான பேராசிரியர்கள் அதையும் அடித்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற்பது ஓரடுக்குதான்.

ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு

இங்கே முதல் அடி நடையில் விழும். பாடநூலில் கற்ற "தெசு, மசு" மரியாதை நடை கட்டுரைக்கு உதவாது. "தெ அரு" என்று முடியும் எழுத்து நடையில் எழுத வேண்டும். நன்றியுரை மட்டும் விலக்கு: அங்கே மரியாதை நடை வரலாம், உதவியவர்களைச் "சென்செய்" (ஆசிரியர்) என்று குறிப்பிடலாம். கட்டுரையின் உடலில் எந்த ஆய்வாளருக்கும் "சான்", "சென்செய்" கிடையாது. உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரின் கட்டுரையைச் சுட்டும்போதும் வெறும் குடும்பப் பெயர்தான். இதில் அவமரியாதை ஏதும் இல்லை, தயங்க வேண்டாம். இரண்டு நடைகளும் கலந்துவிட்டால் அது இலக்கணப் பிழையைவிடப் பெரிதாகத் தெரியும். எழுதி முடித்ததும் "மசு" என்று தேடிப்பாருங்கள். நேர்காணல் மேற்கோள்களுக்கு வெளியே ஒன்றும் மிஞ்சக்கூடாது.

பிறகு சொற்கள். பேச்சில் சரியாக இருப்பவை எழுத்தில் பல்லிளிக்கும்:

"தெமோ" (ஆனால்) வேண்டாம், "ஷிகாஷி" எழுதுங்கள்.
"தகரா" (ஆகவே) வேண்டாம், "ஷிதகத்தெ".
"தொதெமோ" (மிகவும்) வேண்டாம், "ஹிஜோ நி".
"தபுன்" (அநேகமாக) வேண்டாம், "ஒசொராகு".
"ச்சொத்தோ" (கொஞ்சம்) வேண்டாம், "யாயா".
"மொத்தோ" (இன்னும் அதிகம்) வேண்டாம், "யொரி".
"நந்தெ" (ஏன்) வேண்டாம், "நாஸெ".
"மிதாய் ந" (போன்ற) வேண்டாம், "நோ யோ ந".

வாக்கிய நடுவில் வரும் "ஷிதெ"யை (செய்து) "ஷி" என்றும், "ஷிதெ இதெ"யை "ஷிதெ ஒரி" என்றும் சுருக்கினால் நடை உடனே எழுத்துநடையாகும். பெயர்ச்சொல்லில் வாக்கியத்தை முடிக்காதீர்கள். அது செய்தித்தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் உரியது. கேள்விக்குறி தேவையில்லை, "கா" என்ற வினா விகுதிக்குப் (இது வேறு, காதலில் வரும் ஒலி) பின் சிறு வட்ட முற்றுப்புள்ளி போதும். அரைப்புள்ளி அந்த மொழியில் வழக்கில் இல்லை. ஆங்கிலத்தில் அரைப்புள்ளி வைத்த இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். ஒரு வாக்கியம் 60 எழுத்தைத் தாண்டினால் உடைக்க முடியுமா என்று பாருங்கள்.

"நான்" என்பதற்கு "வதாஷி" எழுதக்கூடாது. தமிழ் ஆய்வெழுத்தில் "கட்டுரையாளர்" என்று எழுதுவோமே, அதே இடத்தில் "ஹிஷ்ஷா" வரும். "இக்கட்டுரை"க்கு "ஹொன்கோ", "இவ்வாய்வு"க்கு "ஹொன் கென்க்யூ". ஆங்கிலத்தில் "நாங்கள்" என்று வரும் இடங்களில் பாதிக்கு மேல் எழுவாயையே விட்டுவிடலாம். மிச்சமுள்ளவற்றில் "ஹொன்கோ"வை எழுவாயாக்குங்கள். "தொ ஒமோவு" (என்று நினைக்கிறேன்) வேண்டவே வேண்டாம். "சொந்த எண்ணம்" என்ற சிவப்பு மை அதற்குத்தான் வருகிறது.

முன்னாய்வுகளைக் குறை சொல்லும் விதமும் வேறு. ஆங்கிலத்தில் "இதுவரை யாரும் கவனிக்கவில்லை" என்று இடைவெளியை அழுத்தமாகக் காட்டுவது வழக்கம். ஜப்பானியத்தில் "இந்தக் கோணத்தில் ஆய்வுகள் போதுமான அளவு உள்ளன என்று சொல்ல முடியாது", "இந்த இடத்தில் பணி எஞ்சியிருக்கிறது" என்பன ஏற்புடைய வாய்பாடுகள். "கன்கென் நோ ககிரி" என்ற தொடர் அடிக்கடி வரும்: குழாய் வழியே பார்க்கும் என் குறுகிய பார்வைக்கு எட்டியவரை என்று பொருள். அதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். "எங்களுக்குத் தெரிந்தவரை" போதும்.

முடிவுரையில் "கொங்கோ நோ கதாய்" என்ற பகுதி இல்லாவிட்டால் ஜப்பானியக் கட்டுரை பாதியில் நின்றதுபோல் இருக்கும். இனி செய்ய வேண்டியவை, இந்த ஆய்வு தொடாதவை என்று அதில் எழுத வேண்டும். ஜப்பானியக் கட்டுரை பெரும்பாலும் இதோடுதான் முடியும். ஆங்கிலத்துக்குப் போகும்போது இதை விவாதப் பகுதியின் பிற்பாதிக்கு நகர்த்திவிட்டு, கடைசி வாக்கியத்தைக் கண்டுபிடிப்புக்கோ அதன் பயனுக்கோ கொடுங்கள். குறையோடு முடிந்த கட்டுரை ஆங்கில வாசகருக்கு நம்பிக்கை இழந்த கட்டுரையாகத் தெரியும்.

தலைப்பு

தமிழ் ஆய்வேடுகளில் "ஓர் ஆய்வு" என்று முடியும் தலைப்புகளை நாம் நன்கு அறிவோம். ஜப்பானியத்தில் அதன் இணை "நி கன்சுரு இச்சி கோசத்சு". அதற்குத் துணைத்தலைப்பாக இரு கோடுகளுக்கு நடுவே "இன்னதை மையமாக வைத்து" என்று வரும். ஆங்கிலத்தில் இந்த "ஓர் ஆய்வு" இடத்தை அடைக்குமே தவிர ஒன்றும் சொல்லாது. அதை வெட்டிவிட்டு, துணைத்தலைப்பில் இருக்கும் ஊர், காலம், பொருள் ஆகியவற்றை முன்னே கொண்டுவாருங்கள். தேடுபொறியில் கட்டுரை கிடைப்பதும் அதனால்தான்.

அளவு, புள்ளி, மேற்கோள்

ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாததால் அளவை எழுத்தில்தான் சொல்வார்கள். ஒரு ஆங்கிலச் சொல்லுக்குச் சுமார் 2 முதல் 2.5 எழுத்து என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 1,000 சொல் கட்டுரை 2,000 முதல் 2,500 எழுத்தாகும். "20 தாள்" என்று சொன்னால் அது 400 கட்டமுள்ள "கெங்கோ யோஷி" தாள், அதாவது 8,000 எழுத்து. "2,000 எழுத்து அளவில்" என்றால் 1,800 முதல் 2,200 வரை பாதுகாப்பு. "2,000 எழுத்துக்குள்" என்றால் ஒரு எழுத்தும் கூடக்கூடாது. எண்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் முயற்சி போதவில்லை என்று நினைப்பார்கள். நிறுத்தக்குறிகளும் எண்ணிக்கையில் சேரும்.

நிறுத்தக்குறி இதழுக்கு இதழ் மாறும். சாய்ந்த ஜப்பானியக் காற்புள்ளியும் வட்ட முற்றுப்புள்ளியும் ஒரு முறை. அறிவியல் இதழ்கள் பலவற்றில் ஆங்கிலக் காற்புள்ளியும் ஆங்கில முற்றுப்புள்ளியும் முழு அகலத்தில் வரும். கிடைமட்டமாக எழுதும் அரசு ஆவணங்களில் 1952 முதல் ஆங்கிலக் காற்புள்ளியே விதியாக இருந்தது. 2022இல்தான் ஜப்பானியக் காற்புள்ளி விதியானது. எதை எடுத்தாலும் கலக்காமல் எழுதுங்கள். பத்தித் தொடக்கத்தில் ஒரு முழு எழுத்து அகலம் விட வேண்டும்.

சாய்வெழுத்து ஜப்பானியத்தில் இல்லை. நூலின் பெயர் இரட்டைக்கோட்டு மூலை அடைப்பிலும், கட்டுரையின் பெயர் ஒற்றைக்கோட்டு மூலை அடைப்பிலும் போகும். மேற்கோளுக்கும் ஒற்றைதான், மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் இரட்டை. நீண்ட மேற்கோளுக்கு மேலும் கீழும் ஒரு வரி விட்டு, இரண்டு எழுத்து உள்ளே தள்ளுங்கள். ஒருவர் மேற்கோள் காட்டியதை மூலத்தைப் பார்க்காமல் எடுத்து எழுதுவதை "மகோபிகி" என்பார்கள். "மகோ" என்றால் பேரப்பிள்ளை. மூலம் நூலகத்தில் இருக்கும்போது அப்படிச் செய்தால் ஜப்பானில் மதிப்பு நன்றாகவே குறையும்.

துணைநூற்பட்டியலில் ஜப்பானியப் பெயர்களை ஐம்பது ஒலி வரிசையில், அதாவது ஜப்பானிய அகரவரிசையில், அடுக்குவது வழக்கம். இங்கே ஒரு பொறி உண்டு. ஒரே சீன எழுத்தில் (கான்ஜி) எழுதும் குடும்பப் பெயருக்கு இரண்டு உச்சரிப்பு இருக்கலாம்: கிழக்கு என்ற ஒற்றை எழுத்து ஒருவருக்கு அசுமா, இன்னொருவருக்கு ஹிகாஷி. ஊகிக்காமல் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் பட்டியலில் அந்த ஆசிரியரின் உச்சரிப்பைப் பாருங்கள். ஆங்கிலப் பட்டியலில் நூல் தலைப்பை ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்பில் ஆங்கிலப் பொருளைத் தருவது பரவலான முறை.

ஆண்டும் எண்ணும் பெயரும்

அரசு ஆவணங்களில் பேரரசர் ஆண்டு வரும். ரெய்வா ஆண்டோடு 2018, ஹெய்செய் ஆண்டோடு 1988, ஷோவா ஆண்டோடு 1925 கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். ரெய்வா 5 என்பது 2023. "நெந்தோ" என்று முடிந்தால் அது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டு. நமக்குப் பழகிய நிதியாண்டு போலவே. ஆங்கிலத்தில் "2023 நிதியாண்டு" என்று தெளிவாக எழுதாவிட்டால் வாசகர் ஜனவரியிலிருந்து எண்ணுவார்.

ஜப்பானிய எண் பத்தாயிரம் பத்தாயிரமாக ஏறும். ஒரு "மன்" பத்தாயிரம், ஒரு "ஒகு" பத்துக் கோடி, ஒரு "சோ" லட்சம் கோடி. 3.5 ஒகு என்பது 35 கோடி, ஆங்கிலத்தில் 350 மில்லியன். அதை 35 மில்லியன் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. எல்லா எண்ணையும் முதலில் முழு இலக்கமாக எழுதி, பிறகு மாற்றுங்கள்.

ஜப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். 2020 ஜனவரி முதல் ஜப்பான் அரசு ஆங்கில ஆவணங்களிலும் அதே வரிசையைப் பின்பற்றுகிறது. இதழ்கள் இன்னும் இரண்டு விதமாகவும் அச்சிடுகின்றன. முதலெழுத்தும் இயற்பெயரும் மட்டுமுள்ள தமிழ்ப் பெயருக்கு இது தனிச் சிக்கல், ஏனெனில் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். எதைக் குடும்பப் பெயராகப் போடுவது என்று முதல் கட்டுரைக்கு முன்பே தீர்மானித்து, கத்தகானாவில் (அயல்பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்துமுறை) அதன் எழுத்துக்கூட்டலையும் முடிவு செய்து, அதையே எல்லா இடத்திலும் வையுங்கள். பின்னால் மாற்றினால் தரவுத்தளத்தில் நீங்கள் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள்.

வேலையின் வரிசை

கண்டுபிடிப்பு வாக்கியம், பத்திகளின் கருத்து, பத்திக்குள் வரிசை, இணைப்புச்சொற்கள், முடிப்பு வினைகள், நடை, எண்கள், பட்டியல். இந்த வரிசையிலேயே போங்கள். வாக்கியத்தை மெருகேற்றிவிட்டுப் பிறகு பத்தியைக் கலைத்தால் மெருகு வீணாகும். கூடுமானால் கண்டுபிடிப்பு வாக்கியத்தையும் பத்திக் கருத்துகளையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு கட்டுரைகளையும் தனித்தனியே எழுதுங்கள். ஒன்றின் நிழல் மற்றதில் விழுவது அப்போதுதான் குறைகிறது.

அனுப்பும் முன், ஜப்பானியக் கட்டுரையோடு இணைக்கும் ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் தனியாக எடுத்து, கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அவர் ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். "எதைப் பற்றி" என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தால், சுருக்கம் இன்னும் ஜப்பானிய வரிசையில்தான் இருக்கிறது.